குதிரைச் சங்காடமும் மூன்றாம் கூப்பாடும்

அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இழுக்கும் தோணியில் நான், என் மாமன் சின்னய்யா. கயிற்றில் பின்னால் கட்டி இழுத்துவந்த சங்காடத்தில் என் பெண்சாதியின் தம்பி ஏழுமலை, குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த மஸ்தான் பாய். குதிரைகள் இரண்டு, ஒன்று செவலை ஆண், ஒன்று வெள்ளைப் பெட்டை. மனிதர் நாலு பேர், வாயில்லாத ஜீவன் இரண்டு. ஐந்தாவதாக ஓர் ஆள் இல்லை. கிளம்புவதற்கு முன் தோணியின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். அன்றும் பார்த்தேன். பாய் வைக்கோல் கட்டிவந்த கோணிகளைக்கூட அமுக்கிப் பார்த்தேன். அதனால் ஐந்தாவது ஆள் இல்லை என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைப்பேன்.

இந்தப் பேர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஏரியில் குதிரை இழுக்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். தோள் இறங்கிப்போனதால் நான் கழியைக் கீழே வைத்துவிட்டேன். இப்போது துறையில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் கட்டிய கயிற்றை நீங்கள் அந்தப் பக்கம் போனதும் இழுத்து இழுத்துப் பார்க்கிறேன் என்று எனக்குப் பின்னால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் பயந்தவன்தான். எதையும் இரண்டு தரம் பார்ப்பேன், பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மூன்றாவது தரமும் பார்ப்பேன். மணலில் எழுதிப் பழகும் பள்ளிக்கூடத்தில் பாதி எழுத்து படிப்பதற்குள் நைனா என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தோணியில் ஏற்றிவிட்டார். அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாகப் போகலாம். நடந்ததைக் கோணலாகச் சொல்ல மாட்டேன்.

கயிறு முறுக்குவது, முடிச்சுப் போடுவது, கழி ஊன்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஒரு மாதத்தில் உங்கள் உள்ளங்கை தெரிந்துகொள்ளும். அதை விட்டுவிடுகிறேன். உள்ளங்கையால் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

கப்பலில் வருகிற குதிரைகளை, முகத்துவாரத்தில் அலை பெரிதாக இருக்கிற மாதங்களில், நம் பக்கம் இறக்க மாட்டார்கள். வடக்கே காட்டுத் தீவின் ஒதுக்கில் நீந்தவிட்டுக் கரை ஏற்றுவார்கள். அங்கிருந்து ஒல்லாந்தர் கோட்டைக்குத் தரைவழியாகக் கொண்டுவந்தால் சேற்றில் கால் முறியும். அதனால் கடலோடு சேர்ந்த நம் ஏரிவழி. இரண்டு தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறுக்குமரம் போட்டுப் பிணைத்து, மேலே பலகை பரப்பி, சுற்றிலும் மூங்கில் அடைத்தால் அது சங்காடம். கனத்தை இரண்டு தோணியும் பங்கிட்டுக்கொள்வதால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். ஆனால் அதன்மேல் நின்றுகொண்டு கழி ஊன்ற முடியாது. தலைக்கு மேல் கழி ஏறி இறங்குவதைப் பார்த்தால் குதிரை மிரளும். அதனால் சின்னத் தோணி ஒன்று முன்னால் போகும், கயிற்றின் மறுமுனையில் அதைவிட நாலைந்து மடங்கு கனமான சங்காடம் வரும்.

இவ்வளவு பெரியதை இவ்வளவு சின்னது இழுக்குமா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். இழுக்கும். தண்ணீர் அசைந்துகொடுத்துவிட்டால் ஒரு கிழவன்கூட இழுப்பான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. சின்னது பெரியதை நிறுத்துமா? நிறுத்தாது. முகத்துவாரத்தை நோக்கித் தண்ணீர் வற்றிப் போகிற நேரத்தில் நீங்கள் கழியை ஊன்றித் தோணியை நிறுத்தினால் தோணி நிற்கும்; சங்காடம் வந்துகொண்டே இருக்கும். குதிரையோடு வந்து உங்கள் தோணியின் பின்முனையில், பின்னணியத்தின்மேல் ஏறும். அதற்காகத்தான் சங்காடத்தின் வாலில் கயிறு கட்டிய பெரிய கல், அதற்கென்று ஓர் ஆள். கல்லைத் தரையில் விட்டால் அது சேற்றில் உழுதுகொண்டே வந்து சங்காடத்தை அடக்கும். கல் விழாமல் முன்தோணி நிற்கக் கூடாது. இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் நமக்கு மட்டும்தான் தெரியும் என்பது அன்றைக்கு எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பனியில் யாராவது கூப்பிட்டால் நாம் மூன்றாம் கூப்பாடுவரை வாய் திறப்பதில்லை. ஏரியில் மூழ்கிப் போனவர்கள் பனிக்குள்ளிருந்து கூப்பிடுவார்கள். ஒரு தரம் கூப்பிடுவார்கள், இரண்டு தரம் கூப்பிடுவார்கள். மூன்றாவது தரம் கூப்பிட அவர்களுக்கு மூச்சு இல்லை. அதனால் உயிரோடு இருக்கிற நாம் எதற்கும் மூன்று தரம் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். என் பெண்சாதி சோற்றுக்குக்கூட மூன்று தரம்தான் கூப்பிடுவாள். முதல் இரண்டுக்கு நான் அசைய மாட்டேன், மூன்றாவதற்குள் குழம்பு ஆறிப்போகும். காட்டூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வருகிற பெண்கள் முதல் மாதம் அழுவார்கள், கூப்பிட்டால் புருஷன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று.

மஸ்தான் பாய்க்கு இதை யாரும் சொல்லவில்லை. மூச்சு விடுங்கள் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? அப்படித்தான்.

விடியும்போது தீவில் குதிரைகளை ஏற்றினோம். வானம் சுத்தமாக இருந்தது. பாய் சங்காடத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கட்டில் இதைவிட அகலம் என்றார். கட்டிலில் ஆடுகிற மாதிரி இங்கே ஆட வேண்டாம், குதிரையைவிட உங்களைக் கட்டிப்போடுவதுதான் பத்திரம் என்று ஏழுமலை சொல்ல, பாய்க்கு முதலில் கோபம் வந்து பிறகு சிரிப்பு வந்தது. இரண்டு குதிரைகளையும் நடுவுக்குச் சற்று முன்னால், முகம் எங்களைப் பார்க்கும்படி கட்டினோம். பாரம் வாலில் இருந்தால் சங்காடம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாலாட்டும். முன்னால் இருந்தால் சொன்னபடி வரும். நான் கயிற்றை மூன்று தரம் பார்த்தேன். பிறகு ஏழுமலையிடம் போய், எது நடந்தாலும் கல்லை விட்டு எழுந்திருக்காதே என்றேன்.

"கல்லு மேலயே குந்திக்கினு வரேன் மாமா. நீ போய் முன்னாடி பாரு."

அவன் அப்படிச் சொன்னபோது அவனுடைய அக்காவின் முகம் அவன் முகத்தில் தெரிந்தது. அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். இந்த வேலைக்கு அவனைக் கூட்டிப்போக வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். நான் பத்திரமாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பனி சூரியன் ஏறிய பிறகு வந்தது. அதுதான் முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. சூரியன் ஏறினால் பனி கலைய வேண்டும். அன்று தண்ணீரிலிருந்து கிளம்பி எங்களைச் சுற்றி நின்றுகொண்டது. இருட்டு இல்லை. எல்லாம் வெளிச்சமாக இருந்தது. கண் கூசுகிற வெள்ளை. ஆனால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கயிறு என் காலடியிலிருந்து கிளம்பிப் பத்து முழம் போய் வெள்ளைக்குள் நுழைந்தது. அதன் மறுமுனையில் சங்காடம் இருக்கிறது என்பதற்குக் கயிற்றின் இழுப்பு மட்டும்தான் சாட்சி.

தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. நாங்கள் மெல்லக் கழி ஊன்றினாலே போதும் என்கிற மாதிரி கொண்டுபோயிற்று. சின்னய்யா மாமன் முன்னால், நான் பின்னால்.

சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஏழுமலை என்னைக் கூப்பிட்டான். முறைப்படி மூன்று தரம். நான் குரல் கொடுத்தேன். நமக்குப் பக்கத்தில் வேறு தோணி ஏதாவது வருகிறதா என்று பாய் கேட்கச் சொல்கிறார் என்றான். ஒன்றும் இல்லையே, ஏன் என்றேன்.

"குதிரை ரெண்டும் இடப்பக்கமே காத நட்டுக்கினு கீது. ஆளு வந்தாத்தான் அப்டிப் பாக்குமாம்."

பறவையைப் பார்த்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்குப் பறவை ஞாபகம் போய் ஆள் ஞாபகமே நின்றது. காது தானாக இடப்பக்கம் போயிற்று. மாமனின் கழி தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. என்னுடையது கேட்டது. பிறகு ஒன்று கேட்டது. மறுபடியும் மாமன், நான், பிறகு ஒன்று. எங்களோடு ஒத்து, அவசரப்படாமல், இடப்பக்கத்தில்.

மாமனிடம் மெல்லச் சொன்னேன். பனியில் சத்தம் திரும்பி வரும், நீ உன் கழியைப் பார் என்றார். அவருக்கும் கேட்டிருக்கிறது என்பது அதில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவர் முதுகில் தட்டி, இரண்டு பேரும் கழியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையால் காட்டினேன். தூக்கிப் பிடித்தோம். கழியிலிருந்து தண்ணீர் சொட்டி முடிந்தது. எங்கள் சத்தம் ஒன்றுகூட இல்லை.

இடப்பக்கத்தில் கழி இறங்கியது. சேற்றிலிருந்து பிடுங்குகிற சத்தமும் கேட்டது.

மாமன் திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி கழியை ஊன்றினார். நானும் ஊன்றினேன். வேறென்ன செய்வது? நின்றால் சங்காடம் மேலே ஏறும் என்கிற பயம் ஒன்று, இந்தப் பயம் ஒன்று. இரண்டு பயத்தில் நமக்குப் பழகினதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

அப்போது இடப்பக்கம் பூநாரைக் கூட்டம் ஒன்று யாரோ நடுவில் நடந்துபோன மாதிரி கத்திக்கொண்டு எழுந்தது. தலைக்கு மேலே சிறகுச் சத்தம் போனது. ஒரு பறவையைக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் பலகையில் குளம்பு இடிக்கும் சத்தம் கேட்டது.

சங்காடத்தில் நடந்ததை அப்போது நான் பார்க்கவில்லை. பிறகு தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் கையில் அப்போது என்ன இருந்தது என்பது உங்களுக்குப் புரியாது. வெள்ளைப் பெட்டை முன்னங்காலைத் தூக்கிவிட்டது. பாய் ஒருவரால் பிடிக்க முடியவில்லை. ஏழுமலை கல்லைத் தண்ணீரில் இறக்காமல் அங்கேயே வைத்துவிட்டு முன்னால் ஓடிவந்தான். குதிரையின் தோள் அவனை இடித்தது. சங்காடத்தின் முன்விளிம்பில் சறுக்கி, இரண்டு தோணிகளுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் விழுந்தான். விழும்போது முன் குறுக்குமரத்தைப் பிடித்துக்கொண்டான். எங்கள் கயிறு கட்டியிருக்கிற அதே மரம். கை இரண்டும் மேலே, உடம்பு பலகைக்கு அடியில், தண்ணீர் பின்னால் இழுக்கிறது. கை விட்டுப்போனால் சங்காடத்தின் அடியில் போவான். நாங்கள் நின்றால் சங்காடம் வந்து எங்கள் பின்னணியத்தில் மோதும். நடுவில் அவன் தலை.

பாய் தரையில் வளர்ந்தவர். ஒருவன் வண்டிக்கு அடியில் விழுந்தால் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். அவரும் அதைத்தான் சொன்னார்.

"நிறுத்து."

எங்களுக்குக் கேட்டது. என் கை கழியோடு அப்படியே நின்றது. மாமன் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"வாயத் தொறக்காத. இன்னும் ரெண்டு பாக்கி கீது."

"மாமா, அது பாய் கொரலு."

"பாய் கொரல்லதான் வரும். பின்ன உன் கொரல்லயா வரும்?"

கயிறு துள்ளியது, தளர்ந்தது, மறுபடி துள்ளியது. நம் ஆளாக இருந்தால் மூன்றையும் தொடர்ந்து கூப்பிடுவான்; ஒன்று கூப்பிட்டு இவ்வளவு நேரம் விட மாட்டான். பாய்க்குத் தெரியுமா தெரியாதா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாராவது சொன்னோமா? மாமன் சொல்லியிருப்பார் என்று நான் இருந்தேனா? ஏழுமலை சொல்லியிருப்பான் என்று மாமன் இருந்தாரா?

"நிறுத்து."

இரண்டாவது. அதே குரல் மாதிரிதான் இருந்தது. மாதிரி என்று எழுதுகிறேன். மாமனின் இரண்டாவது விரல் எழுந்தது.

இனி காத்திருக்க முடியாது என்று கழியை ஊன்றி நிறுத்தப்போனேன். சத்தியமாக ஊன்றப்போனேன். அப்போது காலில் கயிறு உரசியது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கல் விழுந்திருந்தால் சங்காடம் பின்வாங்கும், கயிறு விறைத்து நிற்கும். இந்தக் கயிறு விறைக்கவில்லை. தளர்ந்து தளர்ந்து இழுத்தது. பின்னால் அடக்க ஆள் இல்லாமல் சங்காடம் தன்பாட்டுக்கு வருகிற இழுப்பு. கல்லில் ஏழுமலை இல்லை. கல்மேல் குந்திக்கொண்டு வருகிறேன் என்றவன் அங்கே இல்லை. அப்படியென்றால் நான் நிற்கக் கூடாது. யார் சொன்னாலும் நிற்கக் கூடாது. நிற்காமல் எப்படி நிற்பது?

அப்போது மூன்றாவது வந்தது. பின்னாலிருந்து வரவில்லை. இடப்பக்கத்திலிருந்து வந்தது, பக்கத்துத் தோணியில் இருந்து பேசுகிறவர்கள் பேசும் அளவில்.

"நிறுத்தாத. இந்தப் பக்கம் வா."

பாய் குரல் இல்லை. ஏழுமலை குரல் இல்லை. யார் குரல் மாதிரியும் இல்லை. ஊறிக்கிடந்த மரத்தைத் தட்டினால் ஒரு சத்தம் வருமே, அதற்கு வார்த்தை முளைத்த மாதிரி இருந்தது.

மாமனின் விரலைப் பார்த்தேன். மூன்றாவது எழவில்லை. இரண்டு விரலும் அப்படியே நின்றன. எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிதர் அவர்.

"மூணாச்சே மாமா. மனுசந்தானே?"

"மூணாவது வாய் வேற வாயிடா." பிறகு மிகவும் மெல்லச் சொன்னார். "இந்தப் பக்கம் வானு கூப்புடறது அவங்கதான்."

அவர் சொன்னது சரி. ஏரியில் போனவர்கள் வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? வழக்கப்படி மூன்றாவது கூப்பாடு என்றால் மனிதன். வார்த்தைப்படி பார்த்தால் மனிதன் இல்லை. எதை நம்புவது?

நான் இரண்டையும் விட்டுவிட்டேன். தைரியத்தால் இல்லை, யோசித்துக்கொண்டிருந்தால் என் பயம் இரண்டு பக்கத்துக்கும் ஆயிரம் காரணம் சொல்லும் என்று எனக்குத் தெரியும். கையில் இருந்ததைப் பார்த்தேன். கழியை இடப்பக்கம் ஊன்றினேன். சேறு மேலே வந்திருந்தது. இன்னும் தள்ளி ஊன்றினேன், இன்னும் மேலே. அந்தப் பக்கம் திட்டு இருக்கிறது. வற்று நீருக்குக் குறுக்கே இழுத்துத் திருப்பினால் சங்காடம் பின்னால் அரைவட்டம் அடித்து வேகம் குறையும். கயிறு மட்டும் தொங்கக் கூடாது, தொங்கினால் மோதும். தொங்காமல் இழுத்துக்கொண்டே போய் இரண்டையும் சேற்றில் ஏற்றிவிட்டால், நாங்கள் நிறுத்தாததைச் சேறு நிறுத்தும். சொன்னது யார் என்று தெரியாது. சொன்னது சரியா என்று கழியும் கயிறும் சொல்லிவிட்டன.

"இடப்பக்கம் திருப்பறேன். வலி மாமா. தொங்க விடாம வலி."

அவர் ஒரு மூச்சு நேரம் அசையவில்லை. பிறகு கழியை ஊன்றி வலித்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு வலித்தார் என்று நினைக்கிறேன். நானும் இடப்பக்கம் பார்க்கவில்லை. கயிற்றை மட்டும் பார்த்தேன். அது வெள்ளைக்குள் வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயிற்று. சங்காடம் சுற்றி வருகிறது. முன்னணியம் சேற்றில் வழுக்கி ஏறியது. கழியை விடாமல் தள்ளினோம். பின்னால் மூங்கில் முனகியது, ஏதோ பெரிய மாடு படுக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லாம் நின்றது.

இடுப்புச் சேற்றில் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனேன். முதலில் குறுக்குமரம் தெரிந்தது. அதன்மேல் இரண்டு கை தெரிந்தது. தண்ணீரில் வெளுத்துப்போன கை. அது உயிருள்ள கையா என்று ஒரு கணம் தொடத் துணியவில்லை. பிறகு பலகைக்கு அடியில் அவன் முகம் தெரிந்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டு. அவன் பிடியை விடவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தேன். திட்டில் போட்டதும் இருமினான். முதலில் சொன்னது, "கல்ல விட்டுட்டேன் மாமா" என்பது.

பாய் மூங்கில் அடைப்புக்கும் பெட்டைக் குதிரைக்கும் நடுவில் அழுந்தி நின்றிருந்தார். விலா எலும்பு முறிந்திருந்தது. குதிரையை விலக்கி அவரை உட்காரவைத்தோம். மூச்சு திரும்பியதும் எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஏன் பதில் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். வழக்கத்தைச் சொன்னோம். தலையில் கை வைத்துக்கொண்டார். சரி, மூன்று தரம் கூப்பிட்டீர்களே என்று மாமன் கேட்டார்.

"நான் ஒரு தரம்தான் கத்துனேன். அதுக்குள்ள குதிரை நெஞ்சுல சாஞ்சிடுச்சி. அப்பறம் மூச்சு ஏது?"

மாமன் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை தலையை ஆட்டினான். வாயைத் திறந்தால் தண்ணீர் போகும் என்று நான் திறக்கவே இல்லை, மூன்றையும் கேட்டேன், பின்னால் வந்த இரண்டும் நீங்கள் என்று நினைத்தேன் என்றான்.

மாமன் எழுந்துபோய் இழுகயிற்றின் முடிச்சைப் பார்த்தார்.

பனி விலகியபோது சுற்றிலும் பார்த்தேன். நாலு பக்கமும் வெறும் தண்ணீர். தோணி இல்லை, வலை இல்லை, தூரத்தில்கூட ஒரு பாய்மரம் இல்லை. திட்டில் எங்கள் கால்தடம் தவிர வேறு தடம் இல்லை. எங்கள் முன்னணியம் ஏறிய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கழி சேற்றில் நட்டு நின்றது. எங்கள் கழி இரண்டும் தோணியில் இருந்தன. அந்தக் கழியின் கீழ்ப்பாதி ஈரமாக இருந்தால் சரி. அதன் மேல்முனையும், கை பிடிக்கிற இடம் மட்டும், ஈரமாக இருந்தது. வெயில் ஏறிய பிறகும் காயவில்லை. யாரும் அதைத் தொடவில்லை. குதிரைகள் இரண்டும் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு புல்லைத் தேடின. அவற்றுக்கு இப்போது அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை போலிருந்தது.

தண்ணீர் ஏறிச் சங்காடம் மிதந்ததும் கிளம்பினோம். துறையில், ஒல்லாந்தருக்குப் பேச்சை மொழிபெயர்க்கிற கோட்டைத் துபாசி குதிரைகளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு இழுப்புக் கூலியை எண்ணிக் கொடுத்தார். மாமன் அங்கேயே மணலில் உட்கார்ந்து நம் வழக்கப்படி பங்கு வைத்தார். தோணிக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. பாய்க்குக் கோட்டையில் சம்பளம் உண்டு என்றாலும் அன்று அவருக்கும் வைத்தார். அதோடு முடிய வேண்டும். மாமன் ஆறாவதாக ஒரு குவியல் வைத்தார். துபாசி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு பேர்தானே வந்தீங்க? இது யாருக்கு?"

"கூட வந்த ஆளுக்கு" என்றார் மாமன்.

துபாசி எங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் பாய் முகத்தைப் பார்த்தார். பாய் விலாவைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையசைத்தார். துபாசி கோட்டைக்குள் போனார், வேகமாகத்தான் போனார்.

அன்றிலிருந்துதான் குதிரை இழுப்பில் குரலை விட்டோம். கயிற்றில் ஒரு சுண்டு என்றால் கவனி, இரண்டு என்றால் கல் விழுந்தது நிற்கலாம், தொடர்ந்து சுண்டினால் நிறுத்தாமல் திட்டைத் தேடு. கல்லுக்கு ஓர் ஆள் போதாது, இரண்டு பேர். இதெல்லாம் உங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. ஏன் என்று இன்றைக்குச் சொல்கிறேன். வெளியூர் ஆள் யார் சங்காடத்தில் ஏறினாலும், கட்டு அவிழ்ப்பதற்கு முன் நம் வழக்கத்தை அவர் வாயால் திருப்பிச் சொல்லவைத்துவிட்டுக் கிளம்புங்கள். நமக்குத் தெரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும் என்று இருந்ததுதான் அன்று எங்களிடம் இருந்த ஒரே பிசகு. மஸ்தான் பாய் அதற்கப்புறம் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால்கூட மூன்று தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் பக்கத்தில் வருவார். ஏழுமலை மறுபடி குதிரை இழுக்க வரவில்லை. அவன் அக்கா விடவில்லை; நானும் கூப்பிடவில்லை.

அந்த ஆறாவது பங்கைத் துணியில் முடிந்து என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அடுத்த முறை போனபோது அந்தத் திட்டில் இறங்கிப் பார்த்தேன். கழி இல்லை. கழி நட்டிருந்த குழிகூட இல்லை. தண்ணீரில் எறிந்துவிடு, தீர்ந்தது என்றார் மாமன். எறிந்தால் எப்படித் தீரும்? கூலி என்றால் கையில் வாங்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு பயணத்திலும் கொண்டுபோனேன். பனி இறங்கினால் இடப்பக்கம் காதை வைத்துக்கொண்டு போனேன். எத்தனையோ பனி வந்தது. மாமன் கழி, என் கழி. அதற்கப்புறம் வேறு சத்தம் இல்லை. மாமன் போன பிறகு என் கழி மட்டும்.

இப்போது அந்த முடிச்சு துறையில், கல் அடுக்கியிருக்கிற மறைப்புக்குள், நான் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. பனிக்காலத்தில் குதிரை இழுக்கப் போகிறவர்கள் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போங்கள். திரும்பியதும் அதே இடத்தில் வையுங்கள். நான் தினமும் பார்ப்பேன், இரண்டு தரம் பார்ப்பேன், அதனால் எடுத்துச் செலவழிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் கழி இரண்டுக்கும் அப்புறம் மூன்றாவதாக ஒன்று இறங்குகிற சத்தம் கேட்டால் பேச வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். முடிச்சை அவிழ்த்து, கையை இடப்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். கயிற்றிலிருந்து மட்டும் கண்ணை எடுக்காதீர்கள். நாங்கள் கொடுக்க வேண்டியது ஒரு பணமும் பதினோரு துட்டும்.